பாசிக்குடாவுக்கு ஒரு துவாயும் ஒரு சைக்கிளும்

மட்டக்களப்பு நகரிலிருந்து பாசிக்குடா முப்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, கிரான் என்று திருகோணமலை வீதியில் வடக்கே போய், வாழைச்சேனைக்குச் சற்று முன்பாகக் கல்குடாப் பக்கம் திரும்ப வேண்டும். வேலை நிமித்தம் நான் பலமுறை போன வழிதான். ஆனால் ஒரு பட்டா லொறியின் பின்பக்கத்தில் ஆறு சைக்கிள்களோடு, விடியற்காலை நாலரை மணிக்குப் போனது அதுவே முதல் தடவை.

நாங்கள் போனது ட்ரையத்லன் என்னும் போட்டிக்கு. முதலில் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிள் ஓட வேண்டும். அதை வைத்துவிட்டுக் கால்நடையாக ஓட வேண்டும். நடுவில் ஓய்வில்லை, கடிகாரம் நிற்காது. 1974 இல் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் முதன்முதல் இந்தப் பெயரில் நடந்தது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அங்கே நீச்சல் 1.5 கி.மீ, சைக்கிள் 40 கி.மீ, ஓட்டம் 10 கி.மீ. 2018 இல் கொழும்பில் நடந்த அயர்ன்மான் 70.3 போட்டியில் மூன்றும் சேர்ந்து 113 கி.மீ. இதைச் சொன்னதுமே எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். பெண்களுக்கென்று வைத்த சிறிய போட்டி இது, 300 மீற்றர் நீச்சல், 12 கி.மீ சைக்கிள், 3 கி.மீ ஓட்டம், மூவர் பங்கிட்டும் செய்யலாம் என்று விளக்கியபின் ஏழு பேர் மிஞ்சினோம்.

அவர்கள் கேட்ட முதற்கேள்வி, "எதைப் போட்டுக்கொண்டு நீந்துறது?" என்பதுதான். நியாயமான கேள்வி. பருத்திச் சட்டை தண்ணீர் குடித்துப் பாரமாகிக் கையைத் தூக்க விடாது. சல்வாரின் கால் விரிந்து இழுக்கும். நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் ஒரே உடுப்பாக இருந்தால் இடையில் மாற்றும் வேலையுமில்லை. ஆகவே இழுபடும் லைக்கிரா துணியில் முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரையான காற்சட்டையும், கடும் நிறத்தில். கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். தைத்துத் தந்தவர் எங்கள் வாகரை அக்கா. அவரிடம் இருப்பது காலால் மிதிக்கும் பழைய மெஷின், நேர்த்தையல் மட்டுமே போடும். அந்தத் துணியில் நேர்த்தையல், துணி இழுபடும்போது அறுந்துவிடும். அதனால் துணியை மெல்ல இழுத்துப் பிடித்தபடியே தைத்தார்.

மாதவிடாய் பற்றியும் பேசினோம். சாதாரண துணி நப்கின் கடலில் தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போகும். அந்த நாளில் வந்துவிட்ட ஒருவர் நீச்சலை விட்டு, பங்கிட்டுச் செய்யும் குழுவில் ஓட்டத்துக்கு மாறிக்கொண்டார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாசிக்குடாவைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் அதன் ஆழமின்மை. குடாவுக்குள் நெடுந்தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. சித்திரை முதல் புரட்டாதி வரை குளம்போல் கிடக்கும். போருக்கு முன்பிருந்த ஹோட்டல்கள் இடிந்து கிடந்த காலத்தில் இந்தக் கரையை நான் பார்த்திருக்கிறேன். 2009 க்குப் பின் புதிய ஹோட்டல்கள் வரிசையாக எழுந்துவிட்டன. எங்களைப் போன்றவர்கள் இறங்குவது பொதுக் கடற்கரைப் பக்கம்.

ஆழமில்லாவிட்டாலும் கடல் கடல்தான். 2004 டிசம்பர் 26 இல் வாகரை அக்கா தன் மூத்த மகளை இழந்தவர். பெண்கள் ஏன் அதிகம் இறந்தார்கள் என்று அடுத்த ஆண்டு ஒக்ஸ்பாம் ஓர் அறிக்கை வெளியிட்டது. இலங்கையில் நீந்துவதையும் மரமேறுவதையும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கியிருந்தார்கள் என்று அதில் இருக்கிறது. மட்டக்களப்புக் கரையில் பெண்கள் கடலில் குளிக்கும் நேரத்தில் அலை வந்ததென்றும் இருக்கிறது. வாகரையில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அக்கா அதற்குப்பின் கடலில் காலை நனைக்கவில்லை.

"சைக்கிள மட்டும் எனக்குத் தா புள்ள. நான் கடலுக்கு முதுகக் காட்டிக்கொண்டு நிக்கிறன்" என்றார். அவருடைய குழுவில் நீந்துவது எங்கள் சின்னத் தங்கச்சி, ஓடுவது மாதவிடாயால் மாறிய சகோதரி.

இனி ஆயத்தம். நீச்சல் கண்ணாடி வாங்கும்போது வாரைப் போடாமல் கண்ணில் அழுத்திப் பாருங்கள். சிறிது நேரம் ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குப் பொருத்தம். கழுத்திலும் அக்குளிலும் வசலின் பூசாவிட்டால் உப்புநீரில் துணி உராய்ந்து தோல் போய்விடும். பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரையில் ஓர் அடையாளத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வேறெங்கோ போய்க்கொண்டிருப்பீர்கள். நான் போனேன்.

சைக்கிளுக்கு எங்களில் எவரும் பணம் செலவழிக்கவில்லை. வீட்டிலிருந்த லுமாலாக்கள்தான். கூடையைக் கழற்றினோம், பிரேக் கட்டைகளை மாற்றினோம், செயினுக்கு எண்ணெய் விட்டோம். சீற்றின் உயரம்தான் முக்கியம். குதிக்காலைப் பெடலில் வைத்து அதைக் கீழே இறக்கும்போது முழங்கால் நேராக வரவேண்டும். நம் பெண்கள் பலர் சீற்றை மிகவும் தாழ்த்தி ஓடுகிறார்கள், முழங்கால் வலிக்கு அதுவும் ஒரு காரணம். ஹான்டிலின் இரு முனைகளும் அடைபட்டிருக்க வேண்டும். திறந்த குழாய், விழுந்தால் வயிற்றைக் கிழித்துவிடும். எங்கள் குழுவில் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பெடலில் பாதம் வழுக்காதிருக்கச் சொரசொரப்பான றப்பரை ஒட்டினோம். கால் மூட்டுக்குள் மணல் போகாதிருக்க, அவர் கடற்கரையில் இறங்காமல் சீமெந்துத் தரையிலேயே நின்றார். 2016 றியோ பராலிம்பிக்கிலிருந்து இந்தப் போட்டி அங்கேயும் உண்டென்று சொன்னபோது, "அப்ப எனக்கு முன்னால ஆக்கள் இரிக்கு" என்று சிரித்தார்.

கடலுக்கும் சைக்கிளுக்கும் இடையிலுள்ள மாற்றும் இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு துவாயை விரித்து, பாவிக்கும் ஒழுங்கிலேயே சாமான்களை வையுங்கள். கால் மணலைக் கழுவ ஒரு போத்தல் தண்ணீர். உள்ளே பவுடர் தூவிய, ஏற்கனவே போட்டுப் பழகிய சப்பாத்து. சப்பாத்துக் கயிற்றுக்குப் பதில் தையற்கடை இலாஸ்ரிக் கோர்த்தால் முடிச்சுப் போடும் வேலையில்லை. இலக்கத் துண்டையும் இலாஸ்ரிக்கில் குத்தி இடுப்பில் கட்டலாம். ஒரு போத்தல் ஜீவனி. ஹெல்மெட்டை வாரைத் திறந்து ஹான்டிலின்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். அதைப் போட்டுக் கொக்கி மாட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம், சைக்கிளைத் திரும்ப வைத்த பிறகே கழற்றலாம். கோட்டைத் தாண்டும்வரை ஏறக்கூடாது, உருட்ட வேண்டும்.

அன்று பங்கிட்டுச் செய்யும் குழுக்களில், நீந்தி வருபவர் தன் கையில் கட்டிய நாடாவைச் சைக்கிள்காரியிடம் கொடுக்க வேண்டும். ஆகவே அக்காவால் முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை. ஒவ்வொரு தொப்பியாகக் கரையேறியது. எங்கள் தங்கச்சியின் மஞ்சள் தொப்பி மட்டும் தூரத்திலேயே நின்றது. பிறகு கேட்டால், கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, அக்குள் தையலும் விட்டுப்போய், நின்று நின்று வந்திருக்கிறாள். தண்ணீர் இடுப்பளவுதான், அருகில் வள்ளமும் நின்றது. அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஒரு கையால் சைக்கிள் சீற்றைப் பிடித்தபடி, "மஞ்சள், மஞ்சள்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணை எடுக்கவில்லை.

தங்கச்சி வந்து நாடாவைக் கொடுத்ததும் அவளுடைய ஈரத்தலையை ஒருமுறை தடவினார். கொக்கி மாட்டாமல் சைக்கிளை எடுத்ததால் தொண்டர் ஒருவர் மறித்தார். மாட்டிக்கொண்டு போனார். பதினொரு குழுக்களில் அவர்கள் ஒன்பதாவது.

திரும்பும்போது லொறியில் அந்தக் கிழிந்த சட்டையை மடியில் வைத்து உள்ளும் வெளியும் பார்த்துக்கொண்டு வந்தார். "இதுக்கு ரெட்டைத் தையல் அடிச்சிரிக்கணும். உன்ட அளவு என்னட்ட இரிக்கு மனே. என்ட அளவையும் ஒருக்கா ஆராவது எடுத்து வையுங்க."

"சைக்கிள் ஓடவா அக்கா?" என்று கேட்டேன்.

"முழங்கால் மட்டுத் தண்ணிக்கு" என்றார்.

அன்று மாலையே சைக்கிள்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டோம். அடுத்த நாளைக்கு வைத்தால் உப்பு தின்றுவிடும்.