விரிசலுக்குத்தான் கூப்பிடுகிறார்கள்

ஆவூரில் பூகம்பத்துக்கு என்று யாரும் கொத்தனாரைக் கூப்பிடுவதில்லை. விரிசலுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். ஜன்னல் மூலையில் தொடங்கி, செங்கல் இடுக்கு வழியே படிப்படியாக இறங்கி, பேஸ்மட்டத்தைத் தொட்டுவிட்ட விரிசல். முதலில் வீட்டுக்காரரே சிமெண்டைக் குழைத்து அடைத்துப் பார்ப்பார். அடுத்த மழைக்கு அது திரும்பவும் வாயைத் திறக்கும். ஒரு ரூபாய் நாணயம் உள்ளே போகிற அளவு ஆனபிறகுதான் மேஸ்திரி வீட்டுக்கு ஆள் போகும்.

அப்படிக் கூப்பிட்ட ஒரு வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன். மாத்தூருக்கும் விராலிமலைக்கும் இடைப்பட்ட இந்த ஊர், 1747-ல் எழுந்த பெரியநாயகி மாதா கோயிலாலும், வீரமாமுனிவர் இங்கே பணியாற்றினார் என்பதாலும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். வேலை நடந்தது கோயிலைவிட்டுத் தள்ளி, ஒரு ஓட்டு வீட்டில். கருங்கல் அஸ்திவாரம், மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், மேலே நாட்டு ஓடு. கொல்லைப்பக்க மூலை மட்டும் இறங்கியிருந்தது.

மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இறங்கிய மூலையில் கடப்பாரையை நட்டார். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போனது. வாசல் பக்கம் வந்து அதே கடப்பாரையைப் போட்டார், ணங்கென்று எகிறியது.

“பாத்தீங்களா சார். முன்னாடி பாறை, பின்னாடி குட்டையைத் தூத்த மண்ணு. வீடு ஒண்ணு, தரை ரெண்டு.”

இந்தப் பக்கத்து மண்ணின் குணமே அதுதான். செம்மண்ணுக்கு அடியில் பாறை எங்கே தலைநீட்டும், எங்கே முங்கும் என்று சொல்ல முடியாது. சாதாரண நாளில் மழையும் வெயிலும் மாறி மாறி வந்து தூர்த்த மண்ணை அமுக்குகின்றன. பாறைமேல் நிற்கும் பகுதி அசையாது. நடுவில் சுவர் கிழிகிறது. நிலம் ஆடும்போது இதே கோளாறு சில நொடிகளில் நடந்து முடியும். பாறை ஒரு விதமாகவும் தூர்த்த மண் வேறு விதமாகவும் ஆட, இரண்டின் மேலும் உட்கார்ந்த சுவர் யார் பேச்சைக் கேட்பது? நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 4326, மண் இளகலாகவோ இடத்துக்கிடம் மாறியோ இருந்தால் பேஸ்மட்டத்தில் கம்பி போட்ட காங்கிரீட் பட்டை வேண்டும் என்கிறது. மேஸ்திரி அந்த விதியைப் படித்தவரில்லை. கடப்பாரை சொல்வதும் அதுவேதான்.

அஸ்திவாரத்தைப் பலப்படுத்துவது என்றால் சுற்றிலும் தோண்டி காங்கிரீட் கொட்டுவது என்று நினைப்போம். சுவருக்கு அடியில் ஒரே வீச்சாகத் தோண்டினால் சுவர் குழிக்குள் உட்கார்ந்துவிடும். அதனால் இங்கே முதலில் வேலை செய்தது மம்பட்டி அல்ல, சாக்குக்கட்டி. சுவர் நெடுக மூன்றடிக்கு ஒரு கோடு கிழித்து 1, 2, 3 என்று எண் போட்டார்கள். முதலில் 1, 4, 7 மட்டும் தோண்டுவது. அவற்றில் காங்கிரீட் போட்டு இறுகியபின் 2, 5, 8. அப்புறம் மிச்சம். எந்த நேரத்திலும் சுவரின் பெரும்பகுதி பழைய தரைமேலோ இறுகிய காங்கிரீட்மேலோ நிற்கும். உத்தரத்துக்கு அடியில் முட்டு கொடுத்து ஓட்டின் பாரத்தைத் தனியாகத் தாங்கிக்கொண்டார்கள்.

குழி இடுப்பளவு போனபோது மண்ணின் நிறம் மாறியது. கறுத்த தூர்ப்பு மண் முடிந்து, வெளிறிய சுக்கான் கலந்த கெட்டித் தரை வந்தது. மேஸ்திரி அதைக் குதிகாலால் மிதித்துப் பார்த்து, “போதும், நிறுத்து” என்றார்.

இந்த வேலையின் நுட்பமான பகுதியைச் செய்தவர் ஒரு சித்தாள். புதுக் காங்கிரீட்டைப் பழைய கல்லைத் தொடும்வரை நிரப்புவதில்லை. இரண்டங்குல இடைவெளி விடுகிறார்கள். காங்கிரீட் காயும்போது கொஞ்சம் சுருங்கும். ஒட்ட நிரப்பினால் சுருங்கியபின் மேலே மயிரிழைச் சந்து விழுந்து, சுவர் அந்தரத்தில் நிற்கும். சில நாள் விட்டு அந்த இரண்டங்குலத்தைத் தனியாக அடைக்க வேண்டும். அந்த அக்கா மணலும் சிமெண்டும் கலந்து, கையால் தெளித்துத் தெளித்துத் தண்ணீர் விட்டார். ஒரு பிடி எடுத்து இறுக்கினார். உருண்டையாக நின்றது, விரலிடுக்கில் ஈரம் கசியவில்லை. பிறகு குழிக்குள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, அந்தக் கலவையைச் சந்துக்குள் தள்ளி, கட்டைத் துண்டை வைத்துச் சுத்தியலால் இடித்தார். சத்தம் மாறும்வரை இடிக்க வேண்டுமாம். தொடக்கத்தில் மொத்தென்று கேட்டது கடைசியில் கல்லில் தட்டியதுபோல் கேட்டது. அதன்பிறகே எழுந்தார்.

கூலியில் அவர் இன்னும் சித்தாள்தான். அந்த இடிப்பில் கோட்டை விட்டால் மேலே செய்த அத்தனையும் வீண் என்று சொன்னவர் மேஸ்திரியே. அதைச் சொல்லும்போது அவருக்குக் கூலி ஞாபகம் வரவில்லை, எனக்கு வந்தது.

அடித்தரை கெட்டியானபின் பட்டை. சுவரின் வெளிப்பக்கமும் உட்பக்கமும் பேஸ்மட்டத்தை ஒட்டிக் கம்பிக்கூடு கட்டி, சில அடிக்கு ஒன்றாகச் சுவரைத் துளைத்துக் குறுக்குக் கம்பி விட்டு, இரண்டையும் ஒன்றாக்கிக் காங்கிரீட் போடுகிறார்கள். பாறைமேல் நிற்கும் பகுதியும் மண்மேல் நிற்கும் பகுதியும் இனி சேர்ந்துதான் நகர வேண்டும்.

கம்பி வளைக்க வந்தவன் பீகாரின் தர்பங்கா மாவட்டத்துப் பையன். பலகையில் ஆணி அடித்து, இரும்புச் சாவியால் எட்டு மில்லிமீட்டர் கம்பியை நாலு மூலையும் மடக்கி ரிங் போட்டுக்கொண்டிருந்தான். நம் பக்கத்தில் ரிங்கின் இரண்டு முனையையும் செங்கோணத்தில் மடக்கிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். இவன் மடக்கியபின் இன்னொரு அரைத் திருப்பு திருப்பி, முனை கூட்டின் வயிற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டான். 135 பாகைக் கொக்கி. ஐஎஸ் 13920 கேட்பதும் இதைத்தான்: அப்படி உள்ளே நீளும் முனை கம்பிக் கனத்தைப்போல் ஆறு மடங்கு, குறைந்தது 65 மில்லிமீட்டர்.

இந்த அரைத் திருப்புக்கு என்ன அவசியம்? ஆட்டத்தில் முதலில் உதிர்வது கம்பிக்கு வெளியே இருக்கும் காங்கிரீட் தோல். செங்கோணத்தில் மடக்கிய முனை அந்தத் தோலில்தான் பதிந்திருக்கும். தோல் போனால் ரிங் விரிந்துகொள்ளும். நீளக் கம்பிகள் பிதுங்கும். உள்ளே மடங்கிய முனையை நடுக் காங்கிரீட் கவ்விக்கொண்டிருப்பதால் ரிங் விரியாது.

மேஸ்திரிக்கு அந்தக் கொக்கி பிடிக்கவில்லை. “கம்பி கோக்கறதுக்குள்ள தாலி அந்துரும். நேரம் இழுக்கும்” என்று சலித்துக்கொண்டார். பையன் சிரித்தான். “எங்க ஊர்ல ஆடும் அண்ணே. இங்க ஆடாது. ஆனா கை பழகிருச்சு.”

ஆடிய ஊர்தான். 1934 ஜனவரி 15-ன் பெரும் பூகம்பம் வட பீகாரையும் நேபாளத்தையும் புரட்டிப்போட்டது. 1988 ஆகஸ்டில் மறுபடியும் தர்பங்கா, மதுபனி பகுதிகளில் வீடுகள் விழுந்தன. பீகார் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கொத்தனார்களுக்குப் பூகம்பம் தாங்கும் கட்டுமானத்தில் பயிற்சி தந்துவருகிறது. இந்தப் பையன் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லை, சித்தப்பாவிடம் கற்றதுதான் என்றான். கேட்ட காசுக்கு வேலை செய்ய வந்த வடக்கத்திப் பையன்கள் என்று நாம் பேசுவோம். அவன் கையோடு என்ன வந்திருக்கிறது என்பது ஆவூரில் மேஸ்திரியைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்கோ அது பிடிக்கவில்லை.

புதுக்கோட்டைக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்கலாம். 2002-ல் திருத்திய நிலநடுக்க வரைபடத்தில் இந்த மாவட்டம் இரண்டாம் மண்டலம், அதாவது ஆபத்து மிகக் குறைந்தது. தமிழ்நாட்டின் பெரிய ஆட்டம் என்று சொல்வது 1900 பிப்ரவரி 8-ன் கோயம்புத்தூர்ப் பூகம்பத்தை. அளவு ஏறத்தாழ 6. 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக் கடலில் ஏற்பட்டது சென்னையை வீதிக்கு வரவழைத்தது. அடுத்த ஆண்டு வரைபடம் மாறியபோது சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது.

வரைபடத்தை அதற்குமேல் நம்ப எனக்குத் தயக்கம் உண்டு. காரணம் கில்லாரி. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்து அந்தக் கிராமம் அப்போதைய வரைபடத்தில் முதல் மண்டலம். அதைவிடப் பத்திரமான வகை கிடையாது. 1993 செப்டம்பர் 30, பிள்ளையாரைக் கரைத்துவிட்டுத் தூங்கிய ஊர்கள் விடிவதற்குள் இடிந்தன. 6.2 அளவுள்ள நடுக்கம். இறந்தவர்கள் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர். கொன்றது நிலமல்ல, சுவர். மண் சாந்தில் இரண்டு முகமாகக் கட்டி நடுவில் பொடிக்கல் நிரப்பிய கனத்த கல் சுவர்கள் இரண்டாகப் பிளந்து விழுந்தன. மேலே ஏற்றியிருந்த மண் கூரை அமுக்கியது. பிறகு மாநில அரசு உலக வங்கிக் கடனில் நடத்திய மறுவாழ்வுத் திட்டத்தில், பெயர்த்து வேறிடத்தில் கட்டிய ஊர்கள் போக, லட்சத்துக்கும் அதிகமான வீடுகளை இருந்த இடத்திலேயே சீர்செய்தார்கள். கல் சுவரில் துளை போட்டு, இரு முனையும் வளைந்த கம்பியை விட்டு, காங்கிரீட் நிரப்பி, பிரிந்துபோகும் இரு முகத்தையும் ஒன்றாகத் தைப்பது அவர்கள் கையாண்ட முறைகளில் ஒன்று. 2002 வரைபடம் முதல் மண்டலத்தையே நீக்கிவிட்டது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வேறு கதை. அங்கே பழைய வீடுகள் மரச்சட்டத்தால் ஆனவை, எடை குறைவு. ஆட்டத்தில் வீடு அஸ்திவாரத்தைவிட்டு வழுக்கி இறங்கிவிடும். எனவே சட்டத்தையும் அஸ்திவாரத்தையும் போல்ட்டால் முடுக்குகிறார்கள். அதற்கு மானியமும் உண்டு. நம் வீடு வழுக்காது. அதன் எடையே அதற்கு எமன்.

அதே தெருவில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். தொகை கட்டம் கட்டமாக வரும். படம் எடுத்துப் போவார்கள். படத்தில் சுவர் தெரியும், கொக்கி தெரியாது. அங்கே ரிங் எல்லாம் செங்கோணத்தில்தான் மடங்கியிருந்தது. அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தத் தொகைக்குள் வீட்டை முடிக்கப் பார்ப்பவரிடம் ரிங்கின் முனையைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்?

ஓட்டு வீட்டில் சாயங்காலம் சண்டை மூண்டது. பேஸ்மட்டப் பட்டையோடு நிறுத்தக்கூடாது, லிண்டல் மட்டத்திலும் சுவரைச் சுற்றி ஒரு பட்டை போடலாம் என்றார் மேஸ்திரி. நியாயம் அவர் பக்கம்தான். முடைந்த கூடைக்கு வாய்க்கட்டு எப்படியோ அப்படி ஜன்னலுக்கு மேலே ஓடும் பட்டைதான் நாலு சுவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஐஎஸ் 4326 சொல்லும் பட்டைகளில் முக்கியமானது அது. பழைய சுவரில் அதற்குக் காங்கிரீட்கூட வேண்டாம். பூச்சைக் கொத்திவிட்டு, கம்பிவலையை இருபக்கமும் ஆணியடித்து, ஒன்றுக்கு மூன்று கலவையில் பூசினால் ஆயிற்று.

“அடியிலதான மேஸ்திரி விரிசல்? தலைக்கு எதுக்கு வைத்தியம்?” வீட்டுக்கார அம்மாவுக்கு எரிச்சல். போன வருஷம் அடித்த பெயிண்ட் அவர் கண்ணில் நின்றது.

“விரிசல் சன்னல்ல இருந்துதான் தாயி இறங்கியிருக்கு. அடிய மட்டும் கட்டிட்டுப் போனா நாளைக்கு என்னையத்தான் ஏசுவீங்க.”

பூகம்பம் என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. பேரம் நீண்டு, கொல்லைப்பக்க அறைக்கு மட்டும் என்று முடிந்தது. மேஸ்திரி கடைக்குப் போன் போட்டார். வெல்டு மெஷ் கைவசம் இல்லை, திருச்சியிலிருந்து வரவேண்டும், கோழிவலை போதாதா என்றது மறுமுனை.

“அது பூச்சுக்கு. நான் கேக்கறது சுவத்துக்கு. நாளைக்கு வண்டியில ஏத்தி விடுங்க” என்று போனை வைத்தவர், பையன் பக்கம் திரும்பி, மீதி ரிங்கையும் இன்றைக்கே முடித்துவிடச் சொன்னார். எந்தக் கொக்கி என்று பையன் கேட்டான். “போட்டுக்கிட்டு இருக்கறதையே போடு.”