பாதி மாத்திரை

நமது சங்கத்தின் ஏட்டில் பொங்கல் விழாவைப் பற்றியும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பைப் பற்றியும் எழுதி வந்த நான், இம்மாதம் ஒரு நாயைப் பற்றி எழுத முற்பட்டிருப்பது அன்பர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அந்த நாயின் பொருட்டு நான் கற்ற பாடம், அயலூரில் குடித்தனம் செய்யும் நம் போன்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். அதில் என் தவறும் அடங்கியிருப்பதால், நானே எழுதுவதுதான் முறை.

நாங்கள் புனே நகரின் கட்கிப் பகுதிக்கு வந்து 40 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2017-ஆம் ஆண்டில் எங்கள் தெருவில் குடியிருந்த இராணுவ அதிகாரி ஒருவர், வடகிழக்கு எல்லைக்கு மாற்றலாகிப் போகும்போது, தம் வீட்டு நாய்க்குட்டியை எங்களிடம் ஒப்படைத்தார். கூர்மையான நீண்ட முகம்; கழுத்தைச் சுற்றிலும் பிடரி போல வெண்மயிர்; நான்கு பாதங்களும் வெண்மை. ஸ்காட்லாந்து நாட்டில் ஆடு மேய்க்கும் தொழிலுக்கென்றே வளர்க்கப்பட்ட கோலி என்னும் இனம் அது. பழைய ஆங்கிலத் திரைப்படங்களில் புகழ்பெற்ற நாயின் நினைவாக அதிகாரி அதற்கு ‘லாஸி’ என்று பெயர் வைத்திருந்தார். என் மனைவியின் நாவில் அந்தப் பெயர் படியவில்லை. ‘ராசி’ என்று அழைத்தாள், அதுவே நிலைத்தது. மேய்ப்பதற்கு ஆடு இல்லாத குறையை ராசி என் பேத்தியைக் கொண்டு தீர்த்துக்கொண்டது. அவள் வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கினால் போதும். சுற்றிச் சுற்றி வந்து அவளை வீட்டுக்குள் திருப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

2022-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ராசியின் காதோரத்திலும் கால்களிலும் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு நண்பர் மிகவும் நல்லவர். அவர் வளர்த்த நாட்டு நாய்க்கும் முந்திய ஆண்டு இதே தொல்லை வந்து, ‘ஐவர்மெக்டின்’ என்ற மாத்திரையினால் குணமாகியிருந்தது. “வைத்தியரிடம் போனாலும் இதைத்தான் தருவார், வீண் செலவு எதற்கு?” என்றார். அந்த மாத்திரை எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருந்தது. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது பல வீடுகளில் வாங்கி அடுக்கிய மாத்திரைதான் அது. அவ்வாண்டு முடிவதற்குள் அரசின் சிகிச்சை நெறிமுறைகளிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. எங்கள் பெட்டியிலிருந்து மட்டும் நீங்கவில்லை.

ஒரு மாத்திரை 12 மில்லிகிராம். ராசியின் எடை 24 கிலோ. நண்பரின் நாய்க்கு முழு மாத்திரை கொடுத்தார்களாம். நான் பெரிய முன்யோசனைக்காரனைப் போல அதைப் பாதியாக உடைத்து, தயிர்ச் சாதத்தில் பிசைந்து வைத்தேன். ராசி வாலை ஆட்டிக்கொண்டு கிண்ணத்தை நக்கித் தீர்த்தது. அப்போது காலை 9 மணி.

பிற்பகலில் பள்ளியிலிருந்து திரும்பிய பேத்தியை எதிர்கொள்ள எழுந்த ராசி, பின்னங்கால்கள் பின்னிக்கொள்ளத் தள்ளாடியது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. சற்று நேரத்தில் சுவரில் போய் முட்டிக்கொண்டது. கண்மணிகள் அகல விரிந்திருந்தன. எதிரே கையை ஆட்டியும் இமைக்கவில்லை. மாலைக்குள் உடல் முழுவதும் நடுங்கத் தொடங்கிற்று. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம்.

அங்கே இருந்தவர் இளவயதுப் பெண் மருத்துவர். “மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?” என்று மராத்தியில் கேட்டார். என் மராத்தி அரைகுறைதான். ஆனால் அந்தக் கேள்வி நன்றாகவே புரிந்தது. ‘நாஹீ’ என்றேன். 70 வயதைக் கடந்தவன், யாரையும் கேளாமல் மருந்து கொடுத்தேன் என்று ஓர் இளம்பெண்ணிடம் ஒப்புக்கொள்ள நாணினேன் என்பதைத் தவிர வேறு சமாதானம் எனக்கு இல்லை.

மருத்துவர், விஷமோ பாம்புக்கடியோ என்று ஐயுற்றார். நடுக்கத்தை அடக்க ‘அஸிப்ரோமஸின்’ என்னும் மயக்க ஊசியை எடுத்து வரும்படி உதவியாளரிடம் சொன்னார். அந்த வேளையில், என் கையைப் பற்றிக்கொண்டு நின்ற பேத்தி, தாத்தா காலையில் பாதி மாத்திரையைச் சோற்றில் வைத்துக் கொடுத்தார் என்றும், அதன் பெயர் இன்னது என்றும் தெளிவான மராத்தியில் சொல்லிவிட்டாள். மருத்துவர் நாயின் வெண்பாதங்களை ஒருமுறை பார்த்தார். உடனே ஊசியை வேண்டாமென்று தடுத்துவிட்டார். ஐவர்மெக்டினைத் தாங்க முடியாத நாய்களுக்கு அந்த ஊசியும் அளவுக்கு மீறி வேலை செய்யுமாம். என் ஒரு சொல்லை நம்பியிருந்தால், மயக்கத்தின் மேல் மயக்கம் ஏறி ராசி அன்றிரவே போயிருக்கக்கூடும்.

இந்த நஞ்சுக்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. மருந்தின் வேகம் தானாகத் தணியும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. ராசியை அங்கேயே விட்டுத் திரும்பினோம். ஆட்டோவில் வெகுநேரம் பேசாமல் இருந்த பேத்தி, “தாத்தா, நீங்க ஏன் இல்லேன்னு சொன்னீங்க?” என்று கேட்டாள். “பயந்துட்டேன் கண்ணு” என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ராசி நினைவின்றிக் கிடந்தது. நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள். புண் விழாதபடி சில மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்தார்கள். இமைக்காத கண்கள் உலராமலிருக்கக் களிம்பு இட்டார்கள். ஐந்தாம் நாள், என் மனைவி பெயர் சொல்லி அழைத்தபோது ஒரு காது மெல்ல அசைந்தது. ஒன்பதாம் நாள் தள்ளாடியபடியே வீடு திரும்பியது. கண்பார்வை அதற்குப் பின்னர்தான் சிறிது சிறிதாக மீண்டது.

இதற்குள் மருத்துவர் எனக்குப் பொறுமையாக விளக்கியவற்றைச் சுருக்கித் தருகிறேன். ஐவர்மெக்டின் கெட்ட மருந்து அன்று. ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்து, 1981 முதல் கால்நடைகளுக்கு வழங்கப்பட்டு, பின்னர் மனிதரைக் குருடாக்கும் புழுநோயையும் அடக்கிய மருந்து அது. அதைக் கண்டறிந்த சதோஷி ஓமுரா, வில்லியம் காம்ப்பெல் இருவரும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். புழு, பூச்சிகளின் நரம்புகளை அது செயலிழக்கச் செய்கிறது. நம் மூளையிலும் நாயின் மூளையிலும் அது பற்றக்கூடிய இடங்கள் உண்டு. ஆனால் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களின் சுவரில் ஒரு புரதம் வாயிற்காவலனைப் போல் நின்று, உள்ளே நுழையும் மருந்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது.

அந்தக் காவலனைப் படைக்கும் மரபணுவில், கோலி போன்ற சில இன நாய்களுக்கு 4 எழுத்துகள் விடுபட்டுள்ளன. அச்சுக் கோப்பவர் ஒரு வரியில் 4 எழுத்துகளைத் தவறவிட்டு, மீதியை இடம் நகர்த்திச் சேர்த்தால் எப்படிப் பொருள் கெடுமோ அப்படியே, புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. வாயிலில் காவலன் இல்லை. மருந்து தங்கு தடையின்றி மூளைக்குள் நுழைகிறது. தாய், தந்தை இருவழியிலும் இக்குறையைப் பெற்ற நாய்க்கு ஆபத்து மிகுதி. ஒரு வழியில் மட்டும் பெற்றதற்கும் சில மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டும்.

1980-களிலேயே கோலி நாய்கள் இம்மருந்தினால் வீழ்வதைக் கண்ட வைத்தியர்கள், வெள்ளைக் கால் கண்டால் இம்மருந்தைத் தொடாதே என்று தமக்குள் ஒரு வாய்மொழி வைத்துக்கொண்டார்கள். காரணம் 2001-இல்தான் விளங்கியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேத்ரினா மீலி என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் விடுபட்ட அந்த 4 எழுத்துகளைக் கண்டுபிடித்தார்கள். 2004-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, இக்குறையுடைய இனங்கள் எல்லாம் 1873-க்கு முன்னர் பிரிட்டனில் வாழ்ந்த ஒரே ஒரு மூதாதை நாயின் வழிவந்தவை என்று காட்டியது. பெயர் தெரியாத அந்த நாயின் குறை, கடல்கள் கடந்து கட்கியில் ஒரு திண்ணைவரை வந்து சேர்ந்துவிட்டது.

வெள்ளைக் கால் என்பது வெறும் ஊகந்தான். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட கோலி நாய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் இக்குறை ஒரு வழியிலேனும் இருக்கிறது, எஞ்சியவற்றில் இல்லை. ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு இனத்தில் ஏறத்தாழ பாதி. நெருங்கிய உறவான பார்டர் கோலியிலோ 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மேய்ப்பு வேலையே அறியாத நீள்மயிர் விப்பெட் என்னும் வேட்டை நாயில் மிகுதியாக உண்டு. கலப்பின நாயைக் கண்ணால் பார்த்து யார் என்ன சொல்ல முடியும்? ஆகவே சோதிப்பதே வழி. கன்னத்தின் உட்புறத்தைச் சிறு தூரிகையால் தடவி அனுப்பினால் போதும். ராசிக்கு வலிக்கவே இல்லை. மூன்று வாரங்களில் முடிவு வந்தது: இருவழியிலும் குறை.

அளவும் முக்கியம். இதயப்புழு வராமல் தடுக்க மாதமொருமுறை தரும் ஐவர்மெக்டின், ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம்; அதை இந்த நாய்களும் தாங்கும். நான் ‘ஜாக்கிரதையாக’ உடைத்துக் கொடுத்த பாதி மாத்திரை, ஒரு கிலோவுக்கு 250 மைக்ரோகிராம். நாற்பது மடங்குக்கும் மேல். வயிற்றுப்போக்குக்கு நாம் வீட்டில் வைத்திருக்கும் லோபெரமைடு மாத்திரையும் இந்நாய்களுக்கு ஆகாது. புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் முதலிய சில மருந்துகளையும் அளவு குறைத்தே தரவேண்டுமாம்.

இதைக் கேட்டபோது என் மனம் நாயை விட்டு நம் குடும்பங்களின்பால் சென்றது. மனிதரிலும் இத்தகைய பிறவி வேறுபாடுகள் உண்டு. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு, மலேரியாவுக்கான பிரைமாகுவின் மாத்திரை இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இக்காரணம் 1956-லேயே கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வாழும் ஆரிய வைசிய சமூகத்தாரில் சிலருக்கு, அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தத் தரும் சக்ஸினைல்கோலின் என்ற மருந்து, சில நிமிடங்களில் தணிவதற்குப் பதில் மணிக்கணக்கில் மூச்சை நிறுத்திவைக்கும். முன்னதாக அறிந்தால் மருத்துவர்கள் வேறு மருந்தைக் கையாள்வார்கள்; அறியாவிட்டால்தான் ஆபத்து.

சொந்த ஊரில் இருந்தவரை, நம் பாட்டனாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பது குடும்ப வைத்தியருக்கு நாம் சொல்லாமலே தெரிந்திருந்தது. இங்கே நம் வழிமரபை அறிந்தவர் யாருமில்லை. மருத்துவருக்கு நாம் புதியவர். நமக்கு அவர் புதியவர். இடையில் மொழியும் அரைகுறை. ஆகையால் நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்கு எந்த மருந்தினால் தீங்கு நேர்ந்தது, அறுவைச் சிகிச்சையில் எந்த உறவினர் கண்விழிக்கத் தாமதமாயிற்று என்பவற்றை ஊரிலுள்ள பெரியவர்களைக் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அண்டை வீட்டாருக்குக் குணமளித்தது நமக்கும் குணமளிக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் மருந்து விஷயத்தில் விட்டுவிட வேண்டும். அப்படியும் தவறிவிட்டால், கேட்கிற மருத்துவரிடம் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் மருந்துப் பெட்டியின் மூடியில் பேத்தி இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். அதில் தமிழிலும் மராத்தியிலுமாக, ராசிக்குக் கொடுக்கக் கூடாத மருந்துகளின் பெயர்கள் உள்ளன. அதன் கீழே, “தாத்தா, முதலில் டாக்டரைக் கேட்கவும்” என்று ஒரு வரி. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். நான் அதைக் கிழிக்கவில்லை.