இரு ஓட்டங்கள்

காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் ஆற்றல் ஒருவனுக்கு வாய்க்குமாயின், அவன் இறந்தோரை மீட்டல் தகுமா? டிசி நிறுவனத்தின் அசைவூட்டத் திரைப்பட வரிசையொன்று இவ்வினாவில் தொடங்கி இவ்வினாவிலேயே முடிகின்றது.

2013இல் வெளியான முதற்படத்தில், மின்னலென ஓடும் பிளாஷ், கொலையுண்ட தாயை மீட்கக் காலத்தினூடே ஓடுகின்றான். தாய் பிழைக்கின்றாள்; உலகமோ பெரும்போரில் அழிகின்றது. ஈற்றில் தன் ஓட்டத்தைத் தானே தடுத்துத் தாயை மீண்டும் இழக்கின்றான்.

2020இல் வெளிவந்த 'ஜஸ்டிஸ் லீக் டார்க்: அபோகோலிப்ஸ் வார்' அவ்வரிசையை நிறைவு செய்தது. டார்க்சைட்டை எதிர்த்த வீரர் பலர் மாள்கின்றனர். அவன் வீழ்ந்த பின்னரும் சிதைந்த பூமிக்கு உய்வில்லை. கொன்ஸ்டன்டைன் வற்புறுத்த, பிளாஷ் மீண்டும் ஓடுகின்றான். அன்று பிழையெனப்பட்டது இன்று மருந்தாகின்றது.

இதனைக் கதையின் முரண்பாடு என்பாருளர். யான் அவ்வாறு கொள்ளேன். முதல் ஓட்டம் ஒருவனின் தனித்துயரிலிருந்து பிறந்தது. இரண்டாவதோ எஞ்சியோர் அனைவரும் தத்தம் வாழ்வையே விலையாகக் கொடுக்கும் ஓட்டம். அப்போதுதான் காதலைக் கண்டடைந்த டேமியனும் ரேவனும் அதனையும் இழக்க வேண்டியவராகின்றனர்.

தந்தையை இழந்தவன் யான். அவர் வாழும் வேறோர் உலகு தரப்படினும் ஏற்கத் தயங்குவேன். அவர் மறைவின் பின் வாய்த்த உறவுகள் அங்கு இருக்குமென்பதற்கு உறுதியில்லை. புதிய உலகைக் காட்டாமலே இப்படம் முடிகின்றது. மீட்சிக்கு உத்தரவாதம் தராத அந்த நேர்மையே அதன் சிறப்பு எனலாம்.