ஜெராய் மலையின் போர்வை

கெடாவில், ஜெராய் மலை தெரியும் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்கு ஒத்தாசையாக நிரைக்குப் போவேன். வெளிச்சம் வந்ததும் அப்பா மலையைத்தான் பார்ப்பார். உச்சியில் மட்டும் வெள்ளைத் துண்டு கட்டியிருந்தால் கவலையில்லை. இடுப்பு வரை போர்வை இறங்கியிருந்தால், "இன்னைக்கு மழை இருக்கு தாயி, வெரசாப் பால் எடுத்துடணும்" என்பார்.

ஒருநாள் அப்படிச் சொன்னதை மண்டோர் கேட்கவில்லை. பத்து மணிக்கே மழை கொட்டியது. மங்கு நிரம்பி, பாலெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கானில் ஓடியது. அன்று அரைநாள் சம்பளம்தான். நனைந்தபடி வரும்போது அப்பா கேட்டார்: "காத்து இந்த அடி அடிக்குது, மலைமேல மேகம் மட்டும் ஏன் நகராம நிக்குது? பள்ளிக்கூடத்துல சொன்னாங்களா?" நான் விழித்தேன்.

பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்றுக்கு 1,217 மீட்டர் உயர ஜெராய் குறுக்கே நிற்கிறது. காற்று மலைமேல் ஏறித்தான் ஆகவேண்டும். ஏற ஏற அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி. ஓர் உயரத்தில் அதிலுள்ள நீராவி, தூசியிலும் கடல் உப்புத் துகளிலும் ஒட்டித் துளியாகிறது. அதுதான் மேகம். மறுபக்கம் இறங்கும்போது காற்று சூடேறி, துளிகள் திரும்பவும் ஆவியாகிவிடுகின்றன. கொதிக்கும் கேத்தலின் மூக்கைப் பாருங்கள். வெள்ளைப் புகை அதே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். உள்ளிருந்து வருவது ஒவ்வொரு நொடியும் வேறு ஆவி. ஜெராயின் மேகமும் ஒரு பக்கம் பிறந்து மறுபக்கம் கரைந்துகொண்டே இருக்கிறது.

காற்றில் ஈரம் மிகுந்தால் அதிகம் ஏறுவதற்கு முன்பே துளி கட்டிவிடும். அதனால்தான் மேகம் தாழ இறங்குகிறது. ஏட்டைத் தொடாத அப்பா, காற்றின் ஈரத்தை மலையின் இடுப்பில் அளந்திருக்கிறார்! இதைச் சொல்ல எனக்குத் தெரிந்தபோது அவர் இல்லை.

போன தீபாவளிக்குச் சுங்கைப் பட்டாணிக்குக் காரில் போனோம். ஜெராய் இடுப்பு வரை போர்த்தியிருந்தது. "கண்ணாடியை ஏத்துய்யா" என்றேன் மகனிடம். வெயில் அடிக்கிறதே என்று சிரித்தான். கொஞ்ச தூரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது.