அப்பாவின் குரோமியம் சைக்கிள்

(இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவர்)

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கீரை பயிர் செய்பவர். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் கீரைக்கட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தச் சைக்கிள், கல்யாணத்துக்கு மாமா கொடுத்த சீர். எல்லாரையும் போலக் கறுப்பாக இருக்கக் கூடாது என்று பிரேம், போர்க் எல்லாவற்றுக்கும் டவுனில் குரோமியம் முலாம் போட்டுக் கொடுத்தாராம். எனக்கு விவரம் தெரிந்தபோது பாதி முலாம் உரிந்து, கீரைத் தண்ணீர் சொட்டிச் சொட்டித் துரு ஏறியிருந்தது.

முதலாம் ஆண்டு லீவில், "நான் பெயின்ட் அடிச்சுத் தர்றேம்பா" என்று ஆரம்பித்தேன். துணியால் துடைத்துவிட்டு நேராகக் கறுப்பு எனாமலை அடித்தேன். கொஞ்ச நாள் ஜோராகத்தான் இருந்தது. அப்புறம் கயிறு உரசிய இடத்தில் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. "படிச்ச புள்ள அடிச்ச பெயின்ட்டா இது?" என்று டீக்கடையில் யாரோ கேட்டார்களாம். அப்பா என்னிடம் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார்.

ஒர்க்‌ஷாப் சாரிடம் போய் நின்றேன். நாம் குரோமியம் என்று பார்ப்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம்தானாம். அதற்குக் கீழே அதைவிடப் பல மடங்கு கனமாக நிக்கல். அதற்கும் கீழேதான் இரும்பு. குரோமியத்தின் மேல் காற்றுப் பட்டதுமே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு தோல் மூடிக்கொள்ளும். வழவழவென்று இருப்பதால் பெயின்ட்டுக்குப் பிடிமானம் கிடையாது. "முலாமை எடு, இல்லேன்னா சொரசொரப்பாக்கு" என்றார் சார்.

நான் எமரித்தாள் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் படித்தவன் ஆயிற்றே! முலாம் போட்ட முறையையே திருப்பிப் போட்டால் முலாம் கழன்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். பிளாஸ்டிக் வாளியில் காஸ்டிக் சோடா கரைசல், பழைய பேட்டரி சார்ஜர் ஒன்று. பாசிட்டிவை போர்க்கிலும் நெகட்டிவை ஒரு இரும்புத் தகட்டிலும் கொடுத்தேன். நுரை பொங்கியது. சில நிமிஷத்தில் பளபளப்பு போய், லேசாக மஞ்சள் ஓடிய நிக்கல் தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தண்ணீரும் மஞ்சளாகியிருந்தது. வாய்க்காலில் ஊற்றிவிடலாம் என்று வாளியைத் தூக்கினேன். அப்பா தடுத்தார்.

"ஏன்டா, நீ ஊத்தறப்ப தண்ணி வெள்ளையாத்தானே இருந்துச்சு? இந்த மஞ்ச எங்கேருந்து வந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அந்த வாய்க்கால்தான் எங்கள் கீரைப் பாத்திக்குப் போகிறது.

ஒரு பாட்டிலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வேதியியல் மேடத்திடம் போனேன். பார்த்ததும் அவர் கேட்டது, "கையுறை போட்டியா?" என்றுதான். போடவில்லை. கழன்ற குரோமியம் எங்கும் போய்விடவில்லை, குரோமேட்டாக, ஆறு இணைதிறன் குரோமியமாக, அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்றார். புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ராணிப்பேட்டையில் மூடிப்போன ஆலை ஒன்றின் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கியதும் இதுதானாம். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மொத்தத் தண்ணீரையும் மூடி போட்ட கேனில் கொண்டுபோனேன். மேடம் அதில் அமிலம் சேர்த்து, பெரஸ் சல்பேட் போட்டதும் மஞ்சள் மறைந்து பச்சையாயிற்று. இப்போது அது மூன்று இணைதிறன் குரோமியம், அவ்வளவு விஷமில்லை. சுண்ணாம்பு சேர்த்ததும் சேறு மாதிரி அடியில் தங்கியது. அதையும் கொட்டவிடவில்லை. பாட்டிலில் அடைத்து, சீட்டு ஒட்டி, ஆய்வகக் கழிவோடு வைத்தார்.

பிரேமுக்குக் கரண்ட்டும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம் என்று முடிவாயிற்று. மூக்கில் துணி கட்டி, கையுறை போட்டு, தூசி பறக்காமல் தண்ணீர் தொட்டுத் தொட்டு எமரித்தாளால் தேய்த்தேன். உரிந்த இடங்களில் ஓரம் கெட்டியாகும் வரைக்கும், மற்ற இடங்களில் பளபளப்பு சாகும் வரைக்கும். மூன்று நாள் ஆயிற்று. வெல்டிங் மூலைகளில் விரல் நுழையாது, அங்கேதான் உயிர் போயிற்று. சேர்ந்த கசடைத் துணியோடு கவரில் கட்டி மேடத்திடமே கொடுத்தேன். பிறகு தின்னர் துடைப்பு, எட்ச் பிரைமர், அதன் மேல் கறுப்பு. ஹேண்டில்பாரை மட்டும் தொடவில்லை. "அண்ணன் ஞாபகமா அது இருக்கட்டும்டா" என்று அம்மா சொல்லிவிட்டார்.

"பெயின்ட் நல்லா இறுகணும்பா, ஒரு வாரம் கயிறு கட்டாதீங்க" என்றேன். கேட்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அப்பா அந்த ஒரு வாரமும் கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போனார். எட்டாம் நாள் விடியற்காலையில், கேரியரில் கயிறு இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து வெளியே வந்தேன்.

"வந்து பாருடா, உரியுதான்னு" என்றார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். உரியவில்லை.