சித்திரை வெயிலும் எங்கள் கணிப்பொறியும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

திருச்சுழிப் பக்கத்துச் சித்திரை வெயிலைப் பற்றி நம் கல்லூரித் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குண்டாற்று மணலில் செருப்பின்றி நடந்தவர் யாவரும் அதனை அறிவர். ஆனால் அந்த வெயில் ஒரு கணிப்பொறியை அணைத்து, ஒரு பெண்ணின் ஓராண்டையும் விழுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால் எழுந்ததே இக்கட்டுரை.

எங்கள் வீட்டில் இருப்பது யாரோ பயன்படுத்திக் கழித்த கணிப்பொறி. அதன் மூளையாகிய பிராசஸர் 2012-இல் வெளிவந்த இன்டெல் ஐ5-3470. என் அக்கா அதில் தட்டச்சு செய்வாள். ஊராருக்கு இணையத்தில் விண்ணப்பம் நிரப்பித் தருவாள். ஒரு விண்ணப்பத்துக்கு 50 ரூபாய். மளிகைக் கடைப் பாக்கி அடைவது அந்த ஐம்பதுகளால்தான். தகரக் கூரை போட்ட முன்னறைதான் அவளது அலுவலகம்.

சென்ற ஆண்டு மேலத் தெருவிலிருந்து ஒரு பெண் ஒரு படிப்புக்கு விண்ணப்பிக்க வந்தாள். கடைசி நாள்; மாலை 5 மணியோடு முடிகிறது. பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கினோம். சான்றிதழ்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கணிப்பொறி அணைந்தது. மறுபடி போட்டோம், மறுபடி அணைந்தது. மூன்றாம் முறை அணைந்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பேருந்து ஏறினேன். இறங்கியபோது மணி ஐந்தேகால். அக்கா 50 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண் வாங்கவில்லை, அழவுமில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு பெட்டியைத் திறந்தேன். பிராசஸரின் மேல் வட்டமான அலுமினியத் தகடுகளும் ஒரு சிறு விசிறியும் இருந்தன. தகடுகளின் இடுக்கெல்லாம் கரிசல் புழுதி, அதன்மேல் பஞ்சு. பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது, கேட்க வேண்டுமா? பிராசஸருக்கும் அலுமினியத்துக்கும் இடையே பூசியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. அந்தப் பசை அற்பமானதன்று. பார்வைக்கு வழவழப்பான இரண்டு உலோகப் பரப்புகள் உண்மையில் மேடு பள்ளங்களே. பள்ளங்களில் காற்று தங்கும். செம்பின் வெப்பங்கடத்தும் எண் சுமார் 400, காற்றினுடையதோ 0.026. அந்தக் காற்றை வெளியேற்றுவதுதான் பசையின் பணி. மிளகளவு போதும், அப்பிவிட்டால் அதுவே தடையாகிவிடும்.

எல்லாவற்றையும் துடைத்துப் புதுப் பசை வைத்து மாட்டும்போது, நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று ஒடிந்துவிட்டது. பத்தாண்டுச் சூடு தின்ற பிளாஸ்டிக்! மூன்று காலில் நிற்கும் குளிர்விப்பானை நம்பி யாருடைய விண்ணப்பத்தை வாங்குவது? வேறொன்று வாங்கியே தீர வேண்டும் என்றாயிற்று.

அப்பத்தா ஒரு யோசனை சொன்னார்: "ஈரத் துணியச் சுத்தி வையிய்யா, பானத் தண்ணி மாதிரி குளுந்துரும்." மின்சாரப் பெட்டியில் ஈரத் துணி கூடாது என்றேன். ஆனால் அவர் சொன்னதில் இயற்பியல் இருந்தது. மண்பானையில் நீர் கசிந்து ஆவியாகிறது. அப்போது அது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் பானைத் தண்ணீர் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாகிறது. விசிறி வைத்த குளிர்விப்பானோ என்ன செய்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது. அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதே அதன் கணக்கு.

இங்கேதான் நம் ஊருக்கும் பிற ஊர்களுக்கும் வேறுபாடு. ஒரு குளிர்விப்பான் பிராசஸரை அறையைவிட 50 டிகிரி மேலே நிறுத்துகிறது என்று கொள்வோம். 22 டிகிரி உள்ள குளிரூட்டிய அறையில் சோதித்தவர் 72 என்று எழுதி, 'போதுமானது' என்பார். எங்கள் தகரக் கூரையின் கீழ் 42 டிகிரி; அங்கே அதே பொருள் 92 காட்டும். சுமார் 100-ஐ நெருங்கும்போது பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும். ஆகவே பிறர் சொல்லும் வெப்பநிலையை நம்பாமல், அதிலிருந்து அவர்களுடைய அறையின் வெப்பநிலையைக் கழித்து, நம் அறையினுடையதைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் லீயின் வட்டத்தட்டுச் சோதனை செய்த நண்பர்களுக்கு இது எளிது. ஓமின் விதியைப் போலத்தான்: வெப்பநிலை வேறுபாட்டை வாட்டால் வகுத்தால் வெப்பத் தடை. மூன்று காலில் நின்ற பழைய குளிர்விப்பானை முழு வேலை கொடுத்துச் சோதித்தேன். அறை 40, பிராசஸர் 91. ஐ5-3470-க்குச் சொல்லப்படும் 77 வாட்டையே எடுத்துக்கொண்டால், ஒரு வாட்டுக்கு 0.66 டிகிரி. இந்த எண்ணைக் குறைப்பதே என் தேடலாயிற்று.

நல்ல குளிர்விப்பான்களில் செப்புக் குழல்கள் இருக்கின்றன. அவை வெறும் செம்பு அல்ல. உள்ளே காற்றை நீக்கிச் சிறிது நீர் வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவாதலால் நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகும். உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். இட்லிக் கொப்பரை மூடியில் ஆவி படிந்து சொட்டுகிறதே, அதே கதைதான்! 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதனை உருவாக்கினார். விண்வெளிக்கென எண்ணிய அணு உலைகளின் வெப்பத்தைக் கடத்தும் முயற்சியில் பிறந்த பொருள், இன்று நம் வீட்டு மேசைக்கு வந்திருக்கிறது.

மதுரைக் கடைக்காரர் முதலில் காட்டியது நீரால் குளிர்விப்பது. "இதுதான் தம்பி இப்போ எல்லாரும் வாங்குறது" என்றார். குடத்துக்குக் குடம் எண்ணித் தண்ணீர் பிடிக்கும் ஊர்க்காரனிடம்! அதுவும் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. பம்பு நின்றால் எல்லாம் நின்றது. அடுத்து வண்ண விளக்குகள் மின்னும் ஒன்று. விளக்கு வெப்பத்தைக் கடத்துமா? ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனத்தின் என்எச்-டி15 என்பதைப் பற்றிப் படித்திருந்தேன். இரட்டைக் கோபுரம், 165 மி.மீ. உயரம், விசிறிகளோடு 1.3 கிலோவுக்கு மேல் எடை. எங்கள் கணிப்பொறியின் மதிப்பே அவ்வளவு இராது. என் மனம் கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 ஈவோ மீதுதான் இருந்தது. பலரும் புகழ்ந்தது. அதன் உயரம் 159 மி.மீ.

நல்ல வேளையாகக் கிளம்புமுன் அளவுகோலை வைத்துப் பார்த்திருந்தேன். பிராசஸரின் தலையிலிருந்து பெட்டியின் பக்கக் கதவு வரை 138 மி.மீ. மட்டுமே! ஆசை அங்கேயே அடங்கியது.

கடைசியில் 129 மி.மீ. உயரம், மூன்று செப்புக் குழல்கள், 92 மி.மீ. விசிறி கொண்ட ஒன்றைக் கேட்டு வாங்கினேன். விலை 2,000 ரூபாய்க்குள். மூன்று காரணங்களை அக்காவிடம் சொன்னேன், அவள் பணம் அல்லவா! நம் பழைய பிராசஸரின் சாக்கெட்டுக்குப் பொருந்துகிறது. திருகாணியால் இறுக்குவது, ஒடிய பிளாஸ்டிக் கால் இல்லை. விசிறியைக் கழற்றினால் தகடுகளைத் தூரிகையால் துடைத்துவிடலாம். நெருக்கமான தகடுகள் அதிகக் குளிர்ச்சி தரும் என்பார்கள். தறிப் பஞ்சு பறக்கும் தெருவில் அது மூன்றே மாதக் குளிர்ச்சி. எனக்குச் சற்று இடைவெளி விட்ட தகடுகளே மேலாகத் தோன்றின.

மாட்டியபின் மறுபடி அளந்தேன். அறை 41, பிராசஸர் 70. ஒரு வாட்டுக்கு 0.38.

இவ்வாண்டும் அந்தப் பெண் வந்தாள். கடைசி நாளல்ல, முதல் நாளே. ஆனால் நேரம் அதே பிற்பகல் 2 மணி. "அண்ணே, அணையாதுல்ல?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் பெட்டியின் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா அச்சு எடுத்து நீட்டிய ஒப்புகைச் சீட்டை அவள் இரண்டு முறை படித்து, நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். 50 ரூபாயை மேசைமேல் வைத்தாள். சென்ற ஆண்டுக் காசு அவளுக்குக் கொடுக்க வேண்டியது எங்களிடம் இருக்கிறதென்று அக்கா சொல்லி, அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.