கடலை வரைந்து நாடு கண்டவர்கள்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் தஞ்சைப் பெரிய கோயிலோ மாமல்லைக் கடற்கரைக் கோயிலோ நாட்காட்டிப் படமாகவேனும் இடம்பெறாத கூடம் அரிது. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு. அதன் எதிர்ச்சுவரில் பழைய டச்சுக் கடற்காட்சி ஒன்றின் மறு அச்சை நான் மாட்டியபோது, “இது யாருடைய ஊர், அப்பா?” என்று மகள் கேட்டாள். அத்தகைய படங்கள் பிறந்ததே அக்கேள்விக்கு விடை கூறத்தான் என்பது என் எண்ணம்.

ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்த அம்மக்கள், 1568இல் ஸ்பெயின் மன்னனை எதிர்த்துக் கிளர்ந்து, 1648இல் முழு விடுதலை கண்டவர்கள். முடிசூடிய அரசன் அவர்களுக்கு இல்லை. தேவாலயங்களிலிருந்து திருவுருவங்களும் அகற்றப்பட்டுவிட்டன. “இதுவே நாம்” என்று காட்டுதற்கு எஞ்சியவை மணல்மேடும் அணைக்கரையும் கப்பலுமே. செப்புத் தகட்டை உளியால் செதுக்கியோ, மெழுகு பூசி ஊசியால் கீறி அமிலத்தில் தோய்த்தோ, மையிட்டு அழுத்தினால் நூற்றுக்கணக்கான படிகள் கிடைக்கும். ஓவியம் வாங்க இயலாதவனும் படியொன்று வாங்கலாம்.

இவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்திவைப்பது, 1602இல் யான் சான்ரெதாம் செதுக்கிய படம். முந்தைய ஆண்டின் இறுதியில் பெவர்வைக் என்னும் ஊரருகே ஒதுங்கிய திமிங்கிலம் படத்தையே அடைத்துக் கிடக்கிறது. ஊர் திரண்டு நிற்கிறது. நாசோ குடும்பத்துப் பிரபு எர்ன்ஸ்ட் காசிமிர் நாற்றம் தாங்காமல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி நிற்கிறார்! ஓரத்தில் ஓவியனும் இருக்கிறான். காற்று மறைவுக்கு ஒருவர் மேலங்கியை விரித்துப் பிடிக்க, அவன் வரைந்துகொண்டிருக்கிறான். மேலே நிலநடுக்கமும் கிரகணங்களும். போர் நடந்த காலம் அது. திமிங்கிலம் நாட்டுக்கு வரும் கேட்டின் அறிகுறி என மக்கள் அஞ்சினர். நம் நெய்தல் திணையின் இரங்கல் காதலரைப் பிரிந்த ஒரு நெஞ்சினுடையது. இங்கோ ஒரு நாடே கடற்கரையில் நின்று கவலையுறுகிறது.

நூறாண்டு கழித்து, 1701இல், லூடொல்ஃப் பாக்ஹய்சன் தம் எழுபதாம் வயதில் வெளியிட்ட கடற்காட்சித் தொகுதியில் அக்கவலை இல்லை. ஆம்ஸ்டர்டாம் நகரம் நங்கை வடிவில் நீர்மேல் தேரூர்ந்து வருகிறாள். இத்திருக்கோலம் தந்தவரோ அவ்வூரார் அல்லர். ஜெர்மானிய நாட்டு எம்டனில் பிறந்து, இளமையில் அங்கு வந்து, வணிகர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். டில்லியிலும் மும்பையிலும் பேரேட்டோடு வாழ்வைத் தொடங்கிய நம் மூத்தோரை இங்கே எண்ணிக்கொள்ளலாம். பிழைக்க வந்தவர் வரைந்த முகத்தைத் தன் முகமென அந்நகரம் ஏற்றதை, அதன் கப்பற்படையினும் பெரிதாக நான் மதிக்கிறேன்.

ஆயினும், அக்கப்பல்கள் எங்கே சென்று என்ன செய்தன என்பதை இப்படங்கள் சொல்வதில்லை. சில நம் கரைக்கு வந்தன. பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1658இல் நாகப்பட்டினம் போர்த்துகீசியரிடமிருந்து அவர்கள் கைக்கு மாறியது. அதையடுத்து வந்த பஞ்சத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாகக் கப்பலேற்றினர். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான பால்தேயுஸ் பாதிரியாரின் நூலில் நாகப்பட்டினத்தின் படமும் உண்டு: முன்னே கடலும் கப்பல்களும், அப்பால் ஊர். மூக்கைப் பொத்திய பிரபுவைக்கூட இன்னாரென அடையாளம் தெரியச் செதுக்கியது அந்நாட்டு உளி. கப்பலேறிய நம்மவருள் ஒருவரின் முகத்தையும் அது செதுக்கி நான் கண்டதில்லை.